ஏழாம் அத்தியாயம்: மொரிஸ் மைனரின் பிரேக்கும் அதன் பெடலும்

1948ஆம் ஆண்டில் லண்டன் எர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில், அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மொரிஸ் மைனர் முதன்முதலாக ஜனங்களின் பார்வைக்கு வந்தபோது, அதன் மூக்குக்குள் இருந்தது 918 சி.சி. கொள்ளளவுள்ள ஒரு சாது எஞ்சின். முப்பது குதிரை சக்திகூட இல்லாத அந்தச் சாதுவை நிறுத்துவதற்கு 7 அங்குல டிரம்களே தாராளமாகப் போதுமாயிருந்தன. 1962இல் எஞ்சின் 1098 சி.சி.யாகவும் 48 குதிரை சக்தியாகவும் வளர்ந்தபோது தயாரித்தவர்களே முன் சக்கர டிரம்களை 8 அங்குலமாகப் பெரிதாக்கினார்கள். இன்று இதே வண்டியில் 1275 சி.சி. எஞ்சினையோ, நிஸ்ஸான் எஞ்சினையோ ஏற்றிவிட்டு, ஓடுகிற சந்தோஷத்தில் நிறுத்துகிற விஷயத்தை மறந்துவிடுகிறவர்கள் நம்மில் அநேகர். அவர்களுக்காகவே இந்த அத்தியாயம். யாழ்ப்பாணத்து வீதிகளில் இன்றும் காணக்கூடிய மைனர்களுக்கும், உத்தர்பாராவில் 'பேபி இந்துஸ்தான்' என்ற பெயரில் பிறந்து இப்போது அபூர்வமாகிவிட்ட அதன் சகோதரிக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெடல் சரியில்லை என்றவுடன் டிஸ்க் பிரேக்குக்கும் சர்வோவுக்கும் பணம் அனுப்புகிறவர்கள், ஐம்பது வருஷத்து அழுக்கையும் தேய்மானத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் புதுச் சாமான்களை ஏற்றுகிறார்கள். பெடல் அப்போதும் பஞ்சுமூட்டையாகவே இருக்கிறது. உள்ளதை உள்ளபடி செம்மையாக்கிய பிறகு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பாதிப்பேருக்கு அதற்குமேல் எதுவும் வாங்க வேண்டியிராது.

பெடல் பேசும் பாஷை

கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன், நின்ற வண்டியில் ஆசனத்தில் அமர்ந்து, பெடலை நிதானமாகப் பத்து முறை மிதித்து, கால் சொல்வதைக் கேளுங்கள்.

பெடல் பாதித்தூரம் வெறுமையாக இறங்கி, பிறகு கல்லைப்போல் நின்றால் ஷூக்களுக்கும் டிரத்துக்கும் நடுவே இடைவெளி அதிகம். அட்ஜஸ்ட்மெண்ட் தவிர வேறு வைத்தியம் வேண்டாம். இரண்டாவது மிதியில் பெடல் உயர்ந்து வந்தாலும் பெரும்பாலும் அதுவே காரணம். ரப்பர் பந்தை மிதிப்பதுபோல் மெத்தென்றிருந்தால் குழாய்களில் காற்று இருக்கிறது, அல்லது பழைய ஹோஸ்கள் ஊதிப் பெருக்கின்றன, அல்லது புதிதாகப் போட்ட லைனிங்கின் வளைவு டிரத்தின் வளைவோடு ஒத்துப்போகவில்லை. இந்த மூன்றாவது காரணத்தைப் பலர் அறியார்; காற்றே இல்லாத குழாயில் காற்றைத் தேடி ஒரு டின் பிரேக் ஆயிலைத் தரையில் கொட்டிவிடுவார்கள்.

காலை அழுத்தியபடியே வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே போகுமானால், எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்திருக்கிறது. அந்த வண்டியை வாசலுக்கு அப்பால் கொண்டுபோகாதீர்கள். பெடல் உறுதியாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால் லைனிங் கண்ணாடிபோல் மெருகேறியிருக்கிறது, அல்லது எண்ணெய் குடித்திருக்கிறது. பெடல் பக்கவாட்டில் ஆடினால் அது பிரேக்கின் குற்றமே அல்ல. தரைக்கடியில் பெடல் சுழலும் புஷ்ஷும், தள்ளுகோலைப் பிணைக்கும் முளையும் தேய்ந்துபோயிருக்கின்றன. சில ரூபாய் பெறுமானமுள்ள அந்த முளையை மாற்றியதும் பெடலின் சுபாவமே மாறிவிட்டதைக் கண்டு நான் வியந்ததுண்டு.

தொடங்குமுன் சில ஜாக்கிரதைகள்

1. சமதளமான, கெட்டியான தரையில் மட்டுமே வேலை செய்யுங்கள். தரையில் இருக்கப்போகிற சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள்; கை பிரேக் பின் சக்கரங்களை மாத்திரமே பிடிக்கிறது என்பதை மறவாதீர்கள்.

2. ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் போகாதீர்கள். ஸ்டாண்டின்மேல் பாரம் இறங்கியிருக்க வேண்டும். மைனரில் ஜாக்கி வைக்கும் இடமே துருப்பிடித்துப் பொடியாவது சகஜம். ஸ்டாண்ட் வைக்கும் இடத்தை முதலில் ஸ்குரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். டொங்கென்று ஒலித்தால் நல்லது, உள்ளே புதைந்தால் பிரேக் வேலையை ஒத்திவைத்துத் தகர வேலைக்காரரைத் தேடுங்கள்.

3. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. டிரத்தில் படிந்த தூசியைக் காற்றுக் குழாயால் ஊதுவது, வாயால் ஊதுவது, உலர்ந்த பிரஷ்ஷால் துடைப்பது மூன்றும் நுரையீரலுக்குச் செய்யும் துரோகம். தூசியை நன்றாக நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். முகமூடி அவசியம்.

4. 'பிரேக் ஆயில்' என்று நம் பட்டறைகளில் வழங்கும் பெயர் ஓர் ஆபத்தான பெயர். அது எண்ணெயே அல்ல. பெயரை நம்பி எஞ்சின் எண்ணெயில் சிறிதளவு ஊற்றினாலும் எல்லா ரப்பர்களும் உப்பி, கிழங்குபோல் ஊறிவிடும். அசல் பிரேக் ஆயிலோ பெயிண்ட்டைத் தின்னும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

டிரம்களைச் சரிசெய்தல்

மைனரின் முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் சிலிண்டர்கள் உண்டு. வண்டி முன்னோக்கி ஓடும்போது, டிரத்தின் சுழற்சியே இரண்டு ஷூக்களையும் இழுத்து மேலும் இறுக்கும்படியான அமைப்பு அது. பின்னோக்கிப் போகும்போது அந்த உதவி இல்லாமற் போகிறது. ஆகையால் மலைச்சரிவில் ரிவர்ஸ் எடுக்கையில் பிரேக் மந்தமாயிருந்தால் திகைக்க வேண்டாம். அது வண்டியின் பிறவிக் குணம்.

1. சக்கரத்தைக் கழற்றி டிரத்தை எடுங்கள். உள்முகத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஓரத்தில் வரம்புபோல் மேடு தட்டினால் லேத் பட்டறையில் கொடுத்து, ஒரே அச்சின் இரு டிரம்களையும் ஒரே அளவாகக் கடைந்து வாங்குங்கள். மிதிக்கும்போது பெடல் துடிக்கிற வண்டிகளில் டிரம் வட்டம் தவறியிருக்கும். அதற்கும் இதுவே மருந்து. கடைசல்காரர் 'இதற்குமேல் கனம் தாங்காது' என்றால் வாதாடாமல் புது டிரம் வாங்குங்கள்.

2. வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள்; துருக்குழி விழுந்த சிலிண்டரில் புது ரப்பர் போடுவது ஓட்டைப் பானையில் புதுத் தண்ணீர் ஊற்றுவதாகும்.

3. பின் சக்கரத்து லைனிங்கில் எண்ணெய் ஏறியிருந்தால், பின் அச்சின் எண்ணெய் சீல் போய்விட்டது என்று அர்த்தம். முதலில் சீல், பிறகு லைனிங். பெட்ரோலில் கழுவியோ, நெருப்பில் வாட்டியோ பழைய லைனிங்கைக் காப்பாற்ற முயலும் சிக்கனம் ஒரு மாதத்தில் பல்லைக் காட்டிவிடும்.

4. புது ஷூ போடுமுன் லைனிங்கின் முகமெங்கும் சுண்ணாம்புக்கட்டியால் தேய்த்து, டிரத்துக்குள் வைத்துக் கையால் சுழற்றி எடுத்துப் பாருங்கள். சுண்ணாம்பு எங்கும் சீராக அழிந்திருந்தால் வளைவு பொருந்துகிறது. நடுவிலோ இரு நுனிகளிலோ மாத்திரம் அழிந்திருந்தால், லைனிங் ஒட்டும் பட்டறையில் டிரத்தையும் கூடவே கொடுத்து அதற்கேற்பத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். பெடலின் மெத்துத்தன்மை பாதி இங்கேயே கழிந்துவிடும்.

5. டிரத்தை மாட்டி, அதன் துவாரத்தின் வழியே அட்ஜஸ்டரை ஸ்குரூ டிரைவரால் வலஞ்சுழியாகத் திருப்பிக்கொண்டே வந்து, டிரம் அசையாமல் பூட்டிக்கொள்ளும்வரை இறுக்குங்கள். உடனே பெடலை இரண்டு முறை பலமாக மிதியுங்கள். ஷூக்கள் தம் இடத்தில் மையம் கொள்ளும், டிரம் சற்றுத் தளரும். மறுபடி இறுக்கி, பிறகு ஒவ்வொரு 'கிளிக்'காகப் பின்வாங்கி, டிரம் இலேசாக உரசும் சப்தத்தோடு சுழலும் இடத்தில் நிறுத்துங்கள். முன் சக்கரத்தில் அட்ஜஸ்டர் இரண்டு. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை மறப்பதே இந்த வேலையில் நடக்கிற தவறுகளில் மிகச் சாதாரணமானது.

6. கை பிரேக் கேபிளைக் கடைசியில் பாருங்கள். ஷூ தளர்ந்திருப்பதைக் கேபிளை இறுக்கிச் சரிக்கட்டினால், பின் ஷூக்கள் எப்போதும் உரசிச் சூடாகும்.

மாஸ்டர் சிலிண்டர் என்னும் பாதாள வாசி

இஸிகோனிஸின் மேதையை நான் மதிக்கிறேன். ஆனால், ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே, சட்டத்தின் வயிற்றுக்குள் மாஸ்டர் சிலிண்டரை ஒளித்துவைத்தமைக்காக அவரை மனமார வாழ்த்திய மெக்கானிக் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. விரிப்பை நீக்கி, தரையிலுள்ள மூடியைத் திறந்தால்தான் பிரேக் ஆயில் ஊற்றும் வாயே தெரியும். கண்ணில் படாததால் ஆயில் அளவை ஒருவரும் பார்ப்பதில்லை. ஈரமும் மண்ணும் சேர்ந்து சிலிண்டர் துருப்பிடிக்கிறது.

அதைக் கழற்றுவதிலும் ஒரு சோதனை இருக்கிறது. பிடித்திருக்கும் போல்ட்டுகளை உருவ முடியாதபடி முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார் குறுக்கே நிற்கிறது. அந்த இரும்புக்கோல் முறுக்கப்பட்ட நிலையில் வண்டியின் பாரத்தையே தாங்கி நிற்பது. முறுக்கைத் தளர்த்தாமல் அதில் கைவைத்தால் எலும்பு முறியும். இந்தப் பகுதியை முதல் தடவை செய்கிறவர்கள், முன்பே செய்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

*குறிப்பு:* திரும்ப மாட்டும்போது போல்ட்டுகளை எதிர்ப்பக்கத்திலிருந்து நுழையுங்கள். அடுத்த தடவை டார்ஷன் பாரைத் தொடாமலே உருவிவிடலாம்.

தள்ளுகோலுக்கும் உள் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளி இருந்தே ஆகவேண்டும். பெடல் உயரமாக நிற்கவேண்டும் என்ற ஆசையில் அந்த இடைவெளியையும் எடுத்துவிட்டால், பிஸ்டன் முழுதும் பின்வாங்காது. ஆயில் திரும்பும் சிறு துவாரம் அடைபட்டு, ஓட ஓடச் சூடேறி, பிரேக்குகள் தாமாகவே பிடித்துக்கொள்ளும். நடுச்சாலையில் வண்டி நின்றபின் காரணம் தெரியாமல் விழிப்பவர்கள் பலர்.

சிறிய விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டர் போட்டால் பிரேக் பலமாகும் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் விலை உண்டு. 7/8 அங்குலத்திலிருந்து 3/4 அங்குலத்துக்கு இறங்கினால் அதே மிதிக்கு அழுத்தம் 36 சதவீதம் கூடும். பெடல் இறங்கும் தூரமும் அதே 36 சதவீதம் கூடும். பெடல் ஏற்கெனவே தரையைத் தொடுகிற வண்டியில் இதைச் செய்வது அறிவீனம்.

இன்னொன்று: பழைய அமைப்பில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே சுற்று. ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போயின; மிச்சமிருப்பது கை பிரேக் ஒன்றே. எஞ்சினை மாற்றியவர்கள் எந்த அலங்காரத்துக்கும் முன்னால் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்குப் பணம் ஒதுக்குங்கள் என்பேன்.

குழாய்களும் ஹோஸ்களும்

முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என ரப்பர் ஹோஸ்கள் மூன்று. வெளியே பளபளப்பாக இருந்தும் உள்ளே உப்பி, ஆயிலைப் போகவிட்டுத் திரும்ப விடாத ஹோஸ்கள் உண்டு. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சூடாகிற நோய்க்கு இது ஒரு பழைய காரணம். வயது தெரியாத ஹோஸை மாற்றுங்கள். எஃகு இழை பின்னிய ஹோஸ் போட்டால் பெடல் இன்னும் சற்று உறுதிப்படும். மாட்டியபின் ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, டயரிலோ சஸ்பென்ஷனிலோ ஹோஸ் உரசவில்லை என்று கண்ணால் பாருங்கள்.

உலோகக் குழாய்களுக்குச் செம்பு–நிக்கல் கலவைக் குழாய் நல்லது. துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். எச்சரிக்கை ஒன்று உண்டு: பழைய ஆங்கிலேய வண்டிகளின் இணைப்புகள் 3/8 அங்குல யு.என்.எஃப். மரை, பிற்காலச் சாமான்கள் பல 10 மில்லிமீட்டர் மரை. பழைய ஆண்மரை புது துவாரத்துக்குள் சிநேகமாகவே ஏறும், இறுகுவதுபோலவும் பாவனை செய்யும், அவசரத்தில் பலமாக மிதிக்கும் அந்த க்ஷணத்தில் பிடுங்கிக்கொண்டு வரும். கலப்பு வண்டிகளில் ஒவ்வொரு இணைப்பையும் மரை அளவியால் பார்க்காமல் மாட்டாதீர்கள்.

காற்றை வெளியேற்றுதல்

டாட் 4 பிரேக் ஆயில், மூடி திறக்காத புது டின். புதிதாயிருக்கையில் 230 டிகிரி வரை கொதிக்காத இந்த ஆயில், ஈரத்தை உறிஞ்சியபின் 155 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். மலைச்சாலையில் இறங்கும்போது பெடல் திடீரெனக் காணாமற்போகும் கதைகளின் ரகசியம் இதுவே. ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டாட் 5 என்னும் சிலிகோன் ஆயிலை இதோடு கலக்கலாகாது.

1. எல்லா அட்ஜஸ்டர்களையும் தற்காலிகமாக முழுதும் இறுக்குங்கள்.

2. தரை மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்தபிறகே திறந்து, ஆயிலை நிரப்புங்கள். தொட்டி சிறிது, ஆறேழு மிதிக்கு ஒருமுறை பாருங்கள். ஒரு தடவை வறண்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

3. பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள். தரைவரை மிதித்தால் பழைய சிலிண்டரின் உபயோகப்படாத துருப்பகுதியில் ரப்பர் உரசிக் கிழியும்.

4. வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் இடப் பின் சக்கரமே தூரமானது, அங்கே தொடங்குங்கள். நிப்பிளில் தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது ஆயில் உள்ள சீசாவில் அமிழ்த்துங்கள்.

5. ஆசனத்தில் ஒரு துணையாள். உங்களுக்குள் 'மிதி', 'விடு' என்ற இரண்டு சொற்களே போதும். 'மிதி' என்றதும் நிப்பிளை அரைச்சுற்றுத் தளர்த்துங்கள். பெடல் மெதுவாக இறங்கட்டும். நிப்பிளை மூடியபிறகே 'விடு' சொல்லுங்கள்.

6. குமிழி நின்றதும் வலப் பின், இட முன், வல முன் என்று வரிசையாக வாருங்கள்.

7. அட்ஜஸ்டர்களை மறுபடி சரியான இடத்துக்குப் பின்வாங்குங்கள். பிறகு முழு பலத்தோடு பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். மற்றொருவர் ஒவ்வொரு இணைப்பையும், பிரேக் விளக்கின் சுவிட்சையும் மெல்லிய காகிதத்தால் ஒற்றிப் பார்க்கட்டும். மைனரில் அந்தச் சுவிட்ச் ஆயில் அழுத்தத்தால் இயங்குவது. கசிவு அதிலும் உண்டு.

இனி, மாற்றங்கள்

*சர்வோ.* இது காலின் பிரயாசையைக் குறைக்குமேயன்றி டிரத்தின் சக்தியைக் கூட்டாது. தளர்ந்த பெடலையும் உயர்த்தாது. டீசல் எஞ்சின் ஏற்றியவர்களுக்கு மானிஃபோல்டில் வெற்றிடம் கிடைக்காது. தனி வாக்குவம் பம்ப் வேண்டும். வேலை செய்கிறதா என்று பார்க்க, எஞ்சினை நிறுத்தி நான்கைந்து முறை மிதித்து, காலை வைத்தபடியே எஞ்சினை ஓட்டுங்கள். பெடல் சற்றுத் தணிந்தால் சர்வோ உயிரோடிருக்கிறது.

*பெரிய டிரம்.* 7 அங்குல வண்டிக்கு 1098இன் 8 அங்குல முன் டிரங்களைப் போடுவது, தோற்றம் கெடாத, அடக்கமான, நல்ல மாற்றம்.

*முன் டிஸ்க்.* வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு இதுவே முடிவான பரிகாரம்; ஆனால் சில நிபந்தனைகள் உண்டு. பழைய மாஸ்டர் சிலிண்டரின் முனையிலுள்ள, டிரத்துக்காக அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வை எடுக்காவிட்டால் டிஸ்க் எந்நேரமும் உரசும். அப்படி எடுத்தபின், சிலிண்டர் காலிப்பரைவிடத் தாழ்வாக இருப்பதால் ஆயில் பின்வாங்கிப் பெடல் நீளுமானால், டிஸ்க் வரிசையில் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு அழுத்தம் தேக்கும் சிறு வால்வும், டிரம் வரிசையில் 10 பவுண்டு வால்வும் தனித்தனியே போட வேண்டும். சக்கர பேரிங் ஆடினால் டிஸ்க் பேடுகளைத் தட்டிப் பின்தள்ளும். அடுத்த மிதி வெறுமையாகப் போகும். பேரிங்கைப் பார்க்கும்போதே முன் சஸ்பென்ஷனின் கீழ் ட்ரனியனையும் பாருங்கள். அது தேய்ந்து கழன்றால் சக்கரமே மடிந்துவிடும். அதன்பின் பிரேக்கைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

காலிப்பர் மாட்டியபின் நிப்பிள் மேல்நோக்கி இருக்கவேண்டும். நான் முதன்முதலில் செய்தபோது இடதையும் வலதையும் மாற்றி மாட்டிவிட்டேன். நிப்பிள்கள் கீழே போயின. காற்றோ மேலே தங்குவது. இரண்டு நாள், மூன்று டின் ஆயில், இரண்டு நண்பர்களின் பொறுமை ஆகிய அனைத்தும் செலவான பிறகு, வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பையன்தான் "அண்ணா, அது ஏன் தலைகீழா இருக்கு?" என்று கேட்டான்.

முன்பக்கம் பலமாயிற்றே என்று பின்பக்கத்துக்கும் பெரிய சிலிண்டர் போடாதீர்கள். பலமாக மிதிக்கும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது; இலேசான பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால் வால் முன்னே வந்துவிடும். இந்தியாவில் எஞ்சின் மாற்றியவர்கள் அதைப் பதிவுச் சான்றிதழில் ஏற்றிக்கொள்வதும், காப்பீட்டுக் கம்பெனிக்குத் தெரிவிப்பதும் இந்தச் சமயத்திலேயே ஆகட்டும்.

பரீட்சை ஓட்டம்

1. எஞ்சின் ஓடும்போதும் நின்றிருக்கும்போதும் பெடலைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் வெளியே போகாதீர்கள்.

2. ஆளரவமற்ற சமதளச் சாலையில், நடை வேகத்தில், கை பிரேக்கில் கையை வைத்துக்கொண்டு முதல் மிதி.

3. 30 கிலோமீட்டர் வேகத்தில், ஸ்டியரிங்கை இலேசாகப் பிடித்தபடி மிதியுங்கள். ஒரு பக்கம் இழுத்தால் திரும்பி வந்து எதிர்ப்பக்கச் சக்கரத்தின் அட்ஜஸ்டரையும், லைனிங்கில் எண்ணெய்க் கறை உண்டா என்பதையும் பாருங்கள்.

4. புது லைனிங் படிவதற்கு, 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15க்கு மிதமாக இருபது தடவை இறக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை கிலோமீட்டராவது ஓடி ஆறவிடுங்கள். சூடாயிருக்கும்போது நிறுத்திப் பெடலை அழுத்தியபடி காத்திருக்கக் கூடாது.

5. வீடு வந்ததும் நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் காட்டிப் பாருங்கள். ஒரே அச்சில் ஒன்று மட்டும் அதிகம் கொதித்தால் அங்கே ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது.

6. 150 கிலோமீட்டர் ஓடியபின் லைனிங் படிந்து பெடல் சற்று இறங்கியிருக்கும். எல்லா அட்ஜஸ்டர்களையும் இன்னொருமுறை சரிசெய்து, சக்கர நட்டுகளை இறுக்கி, ஆயில் அளவையும் இணைப்புகளையும் பாருங்கள். அதுவரை காலடி விரிப்பை மடித்துப் பின் இருக்கையிலேயே வைத்திருங்கள். தரை மூடியைத் தினமும் காலையில் திறந்து பார்ப்பதற்குச் சௌகரியமாயிருக்கும்.